கால் டாலர் பட்டம்

எங்கள் கீழ்த்தளத்துக்கு ஜன்னல் கிடையாது. வெளியே விடிந்ததா என்பதை முதல் வண்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். காலை ஆறு மணிக்கு லிஃப்ட் கதவு திறக்கும். இரவெல்லாம் மேலே நடந்த அறுவைகளின் கருவிகள், ரத்தமும் சதைத் துணுக்குமாக, டிரே டிரேயாக வந்து இறங்கும்.

கழுத்திலிருந்து கணுக்கால் வரை பிளாஸ்டிக் ஏப்ரன், முழங்கை வரை ரப்பர் உறை, முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு என்று எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு தொட்டி முன் நிற்கவேண்டும். பத்து நிமிடத்தில் உள்ளே வியர்வை ஓடத் தொடங்கிவிடும். காய்ந்த ரத்தம் லேசில் விடாது. ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கும் ஒவ்வொரு கிளாம்பின் கீலுக்குள்ளும், ஒவ்வொரு கத்தரியின் பல்லுக்குள்ளும் தூரிகையை விட்டுத் தேய்க்கவேண்டும். கழுவும் மருந்துக்குப் புளித்துப்போன பழத்தின் வாடை. வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் தலைமுடியை விட்டுப் போகாது.

என் பெயர் மார்லா கொவாச். வயது முப்பத்தாறு. டொலீடோ நகரத்தின் ஒரு மருத்துவமனையில் நான்கு வருடமாகக் கருவி கழுவுகிறேன். என் பேட்ஜில் பெயருக்குக் கீழே மூன்று எழுத்து இருக்கிறது. இரண்டு வருடம் படித்து வாங்கிய மருத்துவத் துணைப் பட்டத்தின் சுருக்கம் அது. எங்கள் பிரிவில் ஏழு பேர். மூன்று எழுத்து இருப்பது எனக்கும் ஷெல்பிக்கும் மட்டும். மற்ற ஐந்து பேருக்குப் பெயருக்குக் கீழே வெறும் வெள்ளை.

அந்த மூன்று எழுத்துக்காக நான் செய்த கேவலத்தை இப்போது சொல்லப்போகிறேன். சொல்வதில் பெருமை ஒன்றும் இல்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. எனக்குப் பக்கத்துத் தொட்டியில் மிஸ் வெர்னிதா. ஐம்பத்து மூன்று வயது, இங்கே பதினேழு வருடம். அவளை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடும் துணிச்சல் எங்களில் யாருக்கும் கிடையாது. எதிர் மேஜையில் டுவேன். கழுவி வந்த கருவிகளை எண்ணி, தாளில் குறித்து, கையெழுத்துப் போட்டு, நீலத் துணியில் மடித்து, டேப் ஒட்டி, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்குள் தள்ளுபவன். ஆறரை அடி உயரம், வாய் அதைவிட நீளம்.

திடீரென்று டுவேன் அப்படியே நின்றான். ஏப்ரன் மடிப்புக்குள் கையை விட்டான். உள்ளேயிருந்து ஒரு சின்ன கிளாம்ப் வந்தது, மேலே போய்விட்ட டிரேயில் இருக்கவேண்டியது. முகம் வெளுத்துவிட்டது. நேரே சுவரில் இருந்த போனுக்குப் போனான்.

"கீழருந்து டுவேன் பேசுறேன். எலும்பு டிரே, நாலாம் நம்பர். என் கையெழுத்து. என் கணக்குத் தப்பு. திருப்பி அனுப்புங்க."

இதுதான் எங்கள் கீழ்த்தளத்தின் சட்டம். எண்ணினவர் கையெழுத்துப் போடவேண்டும். தப்பு என்று சந்தேகம் வந்தால் அவரே போனை எடுத்து, தன் பெயரைச் சொல்லி, தன் கணக்குத் தப்பு என்று சொல்லவேண்டும். டிரே திரும்பி வரும். எல்லோரும் சேர்ந்து மறுபடி கழுவி எண்ணுவோம். முக்கால் மணி நேரம் போகும். யாரும் ஒரு வார்த்தை திட்டமாட்டார்கள். எண்ணிக்கை தவறிய டிரே மேலே போனால் ஒருவர் உயிர் போகலாம். அதனால் சொன்னவர்மேல் கோபப்படக் கூடாது என்று மிஸ் வெர்னிதா பதினேழு வருடமாக அடம்பிடித்து வைத்திருந்தாள்.

டிரே திரும்பி வந்தது. கழுவிக்கொண்டிருக்கும்போதே மேலாளர் ஹால்ஸ்டெட் உள்ளே வந்தார். கையில் டோனட் பெட்டி.

ஹால்ஸ்டெட் டோனட்டோடு வந்தால் கெட்ட சேதி என்று எங்களுக்குத் தெரியும். போன தடவை டோனட் வந்தபோது ஓய்வூதியத்தில் நிர்வாகத்தின் பங்கு போயிற்று. அதற்கு முந்தின தடவை பதினைந்து நிமிட இடைவேளை பத்து நிமிடமானது.

"குட் மார்னிங் எல்லாருக்கும். நல்ல சேதி கொண்டு வந்திருக்கேன்" என்றார்.

"போச்சுடா" என்றான் டுவேன் மெதுவாக.

சேதி இதுதான். ஜூலை ஒன்றாம் தேதி திங்கட்கிழமை. அன்று முதல் பட்டம் இல்லாதவர்களுக்கு வாரத்துக்கு நாற்பது மணி நேர வேலை கிடையாது, இருபத்து நான்குதான். ஆனால் நிர்வாகத்தோடு கைகோத்திருக்கும் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் அந்த நாளிலிருந்தே நாற்பது மணி நேரமும் அப்படியே இருக்கும். வியாழக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு உணவுக்கூடத்தில் கல்லூரிக்காரர்கள் வருவார்கள். அங்கேயே விண்ணப்பம், அங்கேயே கடன் பத்திரம், கூடவே பீட்சா.

முப்பது மணி நேரத்துக்குக் கீழே போனால் மருத்துவ இன்சூரன்ஸ் போய்விடும். அதை அவர் சொல்லவில்லை. யாருக்கும் சொல்லித் தெரியவேண்டிய விஷயமும் இல்லை.

"பதினோரு வருஷமா கழுவுறேன் மிஸ்டர் ஹால்ஸ்டெட். இனிமே காலேஜுக்குப் போய்க் கழுவக் கத்துக்கணுமா?" என்றான் டுவேன்.

"உன் மதிப்பைக் கூட்டுறோம் டுவேன்."

"எனக்குக் கூடுதா, காலேஜுக்குக் கூடுதா?"

ஹால்ஸ்டெட் சிரித்தார். அவருக்குக் கோபம் வந்தால் சிரிப்பார்.

மிஸ் வெர்னிதா தொட்டியிலிருந்து நிமிராமலேயே கேட்டாள். "எந்தக் காலேஜு? மார்லா படிச்சதா?"

"அதேதான்! மார்லாவைப் பாருங்க. பஸ் ஸ்டாப்புல படமே இருக்கே. அதைவிட வேற என்ன அத்தாட்சி வேணும்?"

ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

அந்தக் கல்லூரிக்கு ஒரு பெரிய பெயர் உண்டு. ஊரில் எல்லோரும் சொல்வது மெத்தைக்கடைக் காலேஜ். கடைவீதியில் மெத்தைக் கடைக்கும் நகத்துக்குச் சாயம் பூசும் கடைக்கும் நடுவே இருப்பதால் அந்தப் பெயர். படித்து முடித்தால் ஆபரேஷன் தியேட்டரில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுக்கலாம் என்றார்கள். அதற்கு முன்னால் சாலையோரக் கடையில் காபி ஊற்றிக்கொண்டிருந்த எனக்கு அது வானத்தில் ஏறுவதாகத் தோன்றியது. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

படித்து முடித்தபிறகுதான் தெரிந்தது, தியேட்டர் வேலைக்கு ஒரு தேர்வு எழுதவேண்டும் என்றும், அந்தத் தேர்வை நடத்துபவர்கள் எங்கள் கல்லூரியின் பாடத்தை ஏற்றுக்கொள்வதில்லை என்றும். மேலே கதவு மூடியிருந்தது. கீழே திறந்திருந்தது. கீழே வந்தேன். இங்கே வேலைக்குப் பட்டமே தேவையில்லை. பட்டம் இருந்தால் மணிக்கு இருபத்தைந்து சென்ட் கூடுதல். என் சம்பளச் சீட்டில் அது தனி வரியாக வரும். கால் டாலர். அப்படியும் எல்லாம் சேர்ந்து எனக்கு மணிக்குப் பதினெட்டு டாலர் பதினைந்து சென்ட்தான். கடன் இன்றைக்கு நாற்பத்தோராயிரத்து அறுநூறு. நான் வாங்கினதைவிட அதிகம். கட்டக் கட்ட வளர்கிற அதிசயம் அது.

சரி, ஏமாந்துவிட்டேன். ஊரில் ஏமாந்தவள் நான் ஒருத்தி மட்டுமா? அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வெட்கம் அதற்குப் பிறகு வருகிறது.

வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதம் கல்லூரியிலிருந்து போன் வந்தது. பட்டதாரிகள் எப்படி இருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பாம். பதில் சொன்னால் ஐம்பது டாலருக்கு ஒரு பரிசு அட்டை. என்ன வேலை, மணிக்கு எவ்வளவு என்று அந்தப் பெண் இனிமையாகக் கேட்டாள். அப்போது என் ஏப்ரனெல்லாம் யாருடைய ரத்தமோ தெறித்திருந்தது. கழுவுகிறேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "அறுவைப் பிரிவு. இருபத்தாறு டாலர்" என்றேன். எங்கிருந்து அந்த இருபத்தாறு வந்தது? தியேட்டரில் நிற்பவர்களுக்கு அவ்வளவு என்று படிக்கும்போது சொல்லியிருந்தார்கள். என் கனவின் சம்பளத்தை என் சம்பளமாகச் சொல்லிவிட்டேன். அவர்கள் அனுப்பிய தாளில் கையெழுத்தும் போட்டேன். பரிசு அட்டையில் காருக்குப் பழைய டயர் இரண்டு வாங்கினேன்.

அடுத்த மாதம் பஸ் நிறுத்தத்தில் என் முகம். பட்டம் முடிக்கும் நாளில் முன்னாள் மாணவி ஒருத்தி புது மாணவியின் சட்டைக் காலரில் ஒரு சின்ன ஊசிப் பதக்கத்தைக் குத்திவிடுவது அந்தக் கல்லூரியின் வழக்கம். எனக்குக் குத்தியபோது எடுத்த படம். வாயெல்லாம் பல். கீழே கொட்டை எழுத்தில், "நான் மணிக்கு 26 டாலர் சம்பாதிக்கிறேன். நீங்கள்?"

கூட வேலை செய்பவர்களுக்கு உண்மை தெரிந்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். தெரியாது. எங்கள் ஊரில் ஒருத்தரிடம் குடலில் என்ன கட்டி என்று கேட்கலாம், புருஷன் ஏன் ஓடிப்போனான் என்றுகூடக் கேட்கலாம். சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்கக் கூடாது. சம்பளச் சீட்டை அவரவர் திரும்பி நின்று படித்து, நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வோம். அதனால் என் படம் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். தங்கள் பக்கத்தில் நின்று, தங்கள் தொட்டியில், தங்கள் வேலையையே செய்கிற எனக்கு மணிக்கு இருபத்தாறு டாலர் என்று. டுவேன் என்னை "டாக்டரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தான். நான் சிரித்துக்கொள்வேன். மூன்று வருடத்துக்கு மேல் அப்படிச் சிரித்தேன்.

அன்று மதியம் உடைமாற்றும் அறையில் மிஸ் வெர்னிதா எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு காகிதத் துவாலையும் பேனாவும்.

"கண்ணு, ஒண்ணு கேப்பேன். தப்பா எடுத்துக்காத. நான் யார்கிட்டயும் சம்பளம் கேட்டதில்ல, எங்கம்மா என்னை அப்படி வளக்கல. ஆனா இந்த வயசுல முப்பதாயிரம் கடன் வாங்கப்போறேன். அந்த இருபத்தாறு நிஜந்தானே?"

இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அறையில் வேறு யாரும் இல்லை. வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாயில் கொழுக்கட்டை வைத்தவள்போல, "ம்" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. துவாலையில் எழுதிக் காட்டினாள். "எனக்குப் பத்தொன்பது டாலர். பத்து சென்ட்டை விடு. இருபத்தாறுன்னா மணிக்கு ஏழு டாலர் கூட. ரெண்டு வருஷத்துல கடன் அடைஞ்சிரும். அதுவரைக்கும் இன்சூரன்ஸும் இருக்கும். ஓட்டிஸோட இன்சுலினுக்குக் கவலையில்ல."

ஓட்டிஸ் அவள் கணவர். ஒரு காலை ஏற்கெனவே சர்க்கரைக்குக் கொடுத்துவிட்டவர்.

எழுந்தவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "அவ்வளவு வாங்கிக்கிட்டும் ஒருநாள்கூட நீ அதைக் காட்டிக்கிட்டதில்ல. எங்க பக்கத்துலயே நின்னு கழுவுற. நல்ல மனசு உனக்கு."

அவளுக்குப் பத்தொன்பது டாலர். எனக்குப் பதினெட்டு. அவள் என்னைவிட அதிகம் வாங்குகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் பஸ் நிறுத்தத்தில் காரை நிறுத்தினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். யாரோ மீசை வரைந்திருந்தார்கள். இன்னும் ஏதாவது சேர்த்து வரைந்திருக்கலாமே என்று தோன்றியது. இந்த முகத்தைப் பார்த்து எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்களோ. எண்ணிப் பார்க்கப் பயந்து வண்டியைக் கிளப்பினேன்.

வியாழக்கிழமை உணவுக்கூடத்தில் பீட்சா மணத்தது. கல்லூரியிலிருந்து கிறிஸ்டன் என்ற பெண் வந்திருந்தாள். நல்ல உடை, நல்ல பல். மேஜையில் கடன் பத்திரங்களும் புத்தம்புதுப் பேனாக்களும். பக்கத்தில் ஆள் உயரத்துக்கு என் படம். நல்லவேளையாக இதில் மீசை இல்லை.

ஏழு பேரும் உட்கார்ந்தோம். மிஸ் வெர்னிதா முதல் வரிசையில். வாசிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விண்ணப்பத்தை வரிவரியாக நிரப்பிவிட்டாள். கையெழுத்து மட்டும் பாக்கி.

"கையெழுத்துக்கு முன்னாடி, நம்ம மார்லா ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்றார் ஹால்ஸ்டெட்.

என்னிடம் அவர் முன்கூட்டியே எதுவும் சொல்லவில்லை. கால்கள் என்னை எழுப்பிக் கொண்டுபோய் என் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தின. நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். என் பட்டம் இருக்கிறது, என் நாற்பது மணி நேரத்துக்கு ஆபத்தில்லை. மிஸ் வெர்னிதா பேனாவைத் திறந்து, என்னைப் பார்த்துத் தைரியம் சொல்வதுபோலத் தலையசைத்தாள்.

என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

"கீழருந்து மார்லா பேசுறேன். என் கையெழுத்து. என் கணக்குத் தப்பு. திருப்பி அனுப்புங்க."

கிறிஸ்டனுக்குப் புரியவில்லை. ஹால்ஸ்டெட்டுக்கும் புரியவில்லை. கீழ்த்தளத்து ஆறு பேருக்கும் புரிந்தது. டுவேன் கடித்த பீட்சாவைத் தட்டில் வைத்தான்.

பைக்குள் நாலாக மடித்திருந்த சம்பளச் சீட்டை எடுத்துப் பிரித்தேன். "எனக்கு இருபத்தாறு கிடையாது. பதினெட்டு டாலர் பதினஞ்சு சென்ட். அதுல பட்டத்துக்குன்னு வர்றது கால் டாலர். கடன் நாப்பத்தோராயிரத்து அறுநூறு. கணக்கெடுப்புல நான் பொய் சொன்னேன். கழுவுறேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. இந்தப் படத்துல இருக்கறது பொய்."

"மார்லா, சம்பள விவரத்தையெல்லாம் வேலை நேரத்துல பேசக் கூடாது" என்றார் ஹால்ஸ்டெட். இப்போதும் சிரித்தார்.

"மணி ரெண்டே முக்கால். ரெண்டரைக்கே வேலை முடிஞ்சு வருகை அட்டையைத் தேச்சுட்டோம். இது எங்க நேரம்" என்றான் டுவேன். பிறகு மேற்கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டான். "இரு. வருஷத்துக்கு ரெண்டாயிரத்து எண்பது மணி நேரம். கால் டாலர்னா ஐந்நூத்தி இருபது. நாப்பத்தோராயிரத்து அறுநூறை அதால வகுத்தா..." அவன் என்னைப் பார்த்தான். "எண்பது வருஷம், மார்லா. அதுவும் வட்டி இல்லாம."

டாக்டரம்மா என்று அவன் சொல்லவில்லை. அதுவே எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

"ஒருத்தரோட அனுபவத்தை மட்டும் வச்சு முடிவெடுக்கக் கூடாதுங்க. இருபத்தாறுங்கறது எங்க பட்டதாரிகளோட சராசரியும்கூட" என்றாள் கிறிஸ்டன்.

"அந்தச் சராசரில நானும் இருக்கேன்."

பின்வரிசையிலிருந்து ஷெல்பி எழுந்தாள். இருபத்து நான்கு வயது. எண்ணிக்கைத் தாள்களை அடுக்குகிற வேலை. நாள் முழுவதும் சேர்ந்து பத்து வார்த்தை பேசமாட்டாள். முகம் காது வரை சிவந்திருந்தது.

"என் கையெழுத்து. என் கணக்குத் தப்பு" என்றாள். "கணக்கெடுப்புல நான் இருபத்தெட்டுன்னு சொன்னேன். மார்லாவோட படத்தைப் பாத்துட்டுத்தான் அங்க சேந்தேன். படிச்சு முடிச்சு, பதினேழு டாலருக்கு இங்க வந்து பாத்தா, அவங்க இருபத்தாறு வாங்கறாங்கன்னு நெனச்சேன். எனக்கு மட்டுந்தான் சாமர்த்தியம் பத்தலைன்னு நெனச்சு..."

ஒரு பொய்யைச் சொல்லி இரண்டு டயர் வாங்கினேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தப் பொய் இந்தப் பெண்ணிடம் போய், குட்டி போட்டு, இன்னும் இரண்டு டாலர் பெருத்துத் திரும்பி வந்து சராசரியாகியிருக்கிறது.

மிஸ் வெர்னிதா எழுந்து வந்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தாள்.

"நேரா கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"'ம்'னு சொன்ன."

"ஆமா, மிஸ் வெர்னிதா."

"ஏன்?"

"வெக்கமா இருந்துச்சு."

"உன் வெக்கத்துக்கு நான் முப்பதாயிரம் கட்டணுமா?"

அவள் கிறிஸ்டன் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லும்மா. இதைப் படிச்சா மேல தியேட்டர்ல வேலை கிடைக்குமா? ஆமான்னு சொல்லு, இல்லைன்னு சொல்லு."

"அது தேர்வு வாரியத்தோட விதிகளைப் பொறுத்து—"

"நான் விதியைக் கேக்கல."

கிறிஸ்டன் ஹால்ஸ்டெட்டைப் பார்த்தாள். ஹால்ஸ்டெட் சிரிப்பை நிறுத்தியிருந்தார். "நான் தெளிவாவே சொல்லிடறேன். இன்னிக்குக் கையெழுத்துப் போடாத அஞ்சு பேருக்கும் திங்கள்லேருந்து இருபத்து நாலு மணி நேரம். அவ்வளவுதான்."

மிஸ் வெர்னிதா பேனாவை மூடி மேஜையில் வைத்தாள். அந்தச் சின்னச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

"ஏழு பேர்" என்றேன்.

"என்ன?"

"அஞ்சு பேர்னு சொன்னீங்க. ஏழுன்னு எழுதிக்குங்க. எனக்கும் இருபத்து நாலு போடுங்க. ஒரே வேலையைத்தானே செய்யறோம்?"

"எனக்கும்" என்றாள் ஷெல்பி.

எனக்கு வீட்டு வாடகை இருக்கிறது, கடன் இருக்கிறது, வட்டி இருக்கிறது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

டுவேன் மெதுவாக எழுந்து நின்றான். அவன் முழுதாக நிமிர்ந்தால் ஹால்ஸ்டெட் அண்ணாந்து பார்க்கவேண்டும். "மேல ஒரு நாளைக்கு முப்பது, நாப்பது ஆபரேஷன். ஏழு பேரு வாரம் நாப்பது மணி நேரம் கழுவியே மூச்சு முட்டுது. ஏழு பேருக்கும் இருபத்து நாலுன்னா கிட்டத்தட்ட பாதி டிரே மேல போகாது. நாங்க வேலைநிறுத்தம் பண்ணல மிஸ்டர் ஹால்ஸ்டெட். நீங்க குடுக்கற நேரத்துக்குத்தான் வேலை பாப்போம். டாக்டருங்க கேட்டா என்ன சொல்லணும்னு யோசிச்சு வச்சுக்குங்க."

"இது மிரட்டல்."

"இது வகுத்தல்" என்றான் டுவேன்.

அங்கேயே, ஷெல்பியின் பையிலிருந்த ஒரு வெற்று எண்ணிக்கைத் தாளில் எழுதினோம். கருவியின் பெயர் எழுதும் இடத்தில் எங்கள் பெயர். எண்ணிக்கை எழுதும் இடத்தில் சம்பளம். அடுத்த கட்டத்தில் கடன். கீழே இரண்டு வரி. எல்லோருக்கும் நாற்பது மணி நேரம் வேண்டும், இந்த வேலைக்குப் பட்டத்தைக் கட்டாயமாக்கக் கூடாது. ஒரு நகல் மருத்துவமனை நிர்வாகக் குழுவுக்கு, ஒரு நகல் மாநிலக் கல்வி அலுவலகத்துக்கு. கணக்கெடுப்பில் நான் சொன்னது பொய் என்று தனித் தாளில் எழுதி நானும் ஷெல்பியும் கையெழுத்துப் போட்டோம். மிஸ் வெர்னிதா எங்கள் தாளில் கையெழுத்துப் போட்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் காலை ஒவ்வொருவர் அலமாரியிலும் ஓர் எச்சரிக்கைக் கடிதம் இருந்தது. எனக்கு இரண்டு. நிறுவனத்தின் பெயருக்குக் களங்கம் விளைவித்ததாக இரண்டாவதில் எழுதியிருந்தது. கல்லூரி வழக்குப் போடலாம் என்று ஒரு வரியும் இருந்தது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது என்பதை மறைப்பானேன்?

உள்ளே போனபோது முதல் வண்டி இன்னும் வரவில்லை. டுவேன் மேஜையிலிருந்து ஆட்டோகிளேவ் டேப்பைச் சின்னதாகக் கிழித்துத் தன் பேட்ஜில், பெயருக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்தான். ஷெல்பி தன் மூன்று எழுத்தின்மேல் ஏற்கெனவே ஒட்டியிருந்தாள். நானும் ஒட்டினேன். மற்ற மூவரும் ஒட்டினார்கள். மறைப்பதற்கு எழுத்தே இல்லாதபோதும் ஒட்டினார்கள். எங்களில் யார் படித்தவர், யார் படிக்காதவர் என்று பேட்ஜைப் பார்த்துப் பிரிக்க முடியாது.

மிஸ் வெர்னிதா கடைசியாக வந்தாள். டேப்பை வாங்கி, பதினேழு வருடமாக வெள்ளையாகக் கிடந்த இடத்தில் நேராக ஒட்டினாள். பிறகு வழக்கம்போல எனக்குப் பக்கத்துத் தொட்டிக்கு வந்து உறையை மாட்டினாள்.

"உன்மேல கோபம் தீரல" என்றாள், முன்னால் பார்த்தபடி.

"தெரியும்."

"டிரேயைத் திருப்பிக் கூப்பிட்டவங்கமேல கோபப்படக் கூடாதுன்னு சொன்னவளே நான்தான். ஆனா நீ ரொம்ப லேட்டாக் கூப்பிட்ட."

"ஆமா."

லிஃப்ட் இறங்கும் சத்தம் கேட்டது. அவள் தண்ணீரைத் திறந்தாள். ஆவி எழுந்தது. அந்த இரைச்சலுக்கு மேலே, எல்லோருக்கும் கேட்கும்படி, அவளுடைய அம்மா கேட்கவே கூடாது என்று வளர்த்த அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"மார்லா, உனக்கு மணிக்கு எவ்வளவு?"

"பதினெட்டு டாலர் பதினஞ்சு சென்ட்" என்றேன் சத்தமாக.

"எனக்குப் பத்தொன்பது பத்து. டுவேன்?"

"பதினெட்டு அறுபது."

"ஷெல்பி?"

"பதினேழு நாப்பது" என்றாள் ஷெல்பி. அவள் குரல் அவ்வளவு பலமாக ஒலித்து நான் கேட்டதில்லை.

மற்ற மூவரும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள், டிரேயில் கருவிகளை எண்ணுவதுபோல. கதவு திறந்தது. முதல் வண்டி வந்தது. மிஸ் வெர்னிதா கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். நான் தூரிகையை எடுத்தேன்.